கொலஸ்ட்ராலும் முட்டி தேய்மானமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப் ரிப்போர்ட்டில் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 160ஐத் தாண்டியிருக்கிறது, அதே வாரம் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்து முட்டியில் ஜவ்வு (குருத்தெலும்பு) தேய்ந்துவிட்டது என்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப்போட்டுப் பார்க்கத் தோன்றுவது இயல்புதான். அப்படி முடிச்சுப்போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் இருக்கிறது, சிலவற்றுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், கொலஸ்ட்ரால் ஏறினால் முட்டி தேயுமா?

எலிகளுக்குத் தேய்கிறது. மனிதர்களுக்குத் தேய்கிறது என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்க எடுத்த முயற்சிகளில் முக்கியமான சில எதிர்த்திசையில்தான் போயின. அதனால் "கொழுப்பு ஏறினதாலதான் முட்டி போச்சு" என்று யாராவது அடித்துச் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். அதற்காகக் கொலஸ்ட்ராலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம் என்றும் அர்த்தமில்லை. அதை ஏன் குறைக்க வேண்டும் என்பதற்கு முட்டியைவிடப் பெரிய காரணம் நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கிறது.

ரத்தக்குழாயில் படிகிற மாதிரி குருத்தெலும்பிலும் கொழுப்பு படியுமா?

படியாது. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. எடையில் முக்கால்வாசி வரை தண்ணீர். மீதியில் பெரும்பங்கு கொலாஜன் நாரும், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் அக்ரிகன் என்ற புரதமும். இவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சம் செல்கள். இந்தச் செல்களுக்குச் சாப்பாடு மூட்டு நீரிலிருந்து ஊறித்தான் வர வேண்டும். நாம் நடக்கும்போது குருத்தெலும்பு அமுங்கி விரியும், ஈரப் பஞ்சைப் பிழிந்து விடுவது போல, பழைய நீர் வெளியே போய்ப் புதிய நீர் உள்ளே வரும். மூட்டை அசைக்காமல் வைத்திருப்பது அதற்கு ஏன் ஆகாது என்பது இதிலிருந்தே புரியும்.

ஆனால் கொலஸ்ட்ராலுக்கும் இந்தச் செல்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. எல்லாச் செல்லையும் போல இவையும் தாங்களாகவே கொலஸ்ட்ரால் தயாரிக்கின்றன, வெளியிலிருந்து எடுத்தும் கொள்கின்றன. ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுப்போன எல்டிஎல் வந்து ஒட்டிக்கொள்ள இவற்றின் மேல் ஓர் ஏற்பியும் உண்டு. பிரச்சினை வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது?

இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். 2017ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் எலிகளில் செய்தது ஒன்று. ரத்தத்தில் கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் எலிகளுக்கு மூட்டுத் தேய்மானம் மோசமாக வந்தது. குருத்தெலும்புச் செல்களின் மைட்டோகாண்ட்ரியா, அதாவது செல்லுக்குச் சக்தி தரும் பகுதி, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் கெட்டுப்போய்ச் செல்கள் செத்தன. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மருந்தான அட்டோர்வாஸ்டாட்டினும், மைட்டோகாண்ட்ரியாவைக் குறிவைத்துப் போகும் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பானும் அந்தச் சேதத்தைக் குறைத்தன. நாளிதழ்களிலும் இணையத்திலும் "கொலஸ்ட்ரால் மூட்டை அரிக்கும்" என்று தலைப்பு வர இது போதாதா!

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. 2019ல் தென் கொரியாவின் குவாங்ஜு அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆராய்ச்சி நேச்சர் இதழில் வந்தது. தேய்மானம் வந்த குருத்தெலும்பின் செல்கள் கொலஸ்ட்ராலை அளவுக்கு மீறி உள்ளே இழுத்து, அதை ஆக்ஸிஸ்டெரால் என்ற வேறு பொருட்களாக மாற்றுகின்றன. அவை ஆர்ஓஆர் ஆல்ஃபா என்ற புரதத்தைத் தூண்டிவிட, அது குருத்தெலும்பைக் கரைக்கும் நொதிகளைத் திறந்துவிடுகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தபோது எலிகளின் தேய்மானம் மட்டுப்பட்டது. அருமையான வேலை. ஆனால் இது சொல்வது செல்லுக்குள்ளே கொலஸ்ட்ரால் என்ன ஆகிறது என்பதை. உங்கள் கையிலிருக்கும் லேப் ரிப்போர்ட் சொல்வது ரத்தத்தில் எவ்வளவு ஓடுகிறது என்பதை. இது வேறு, அது வேறு.

எலிக்கு உண்மை என்றால் நமக்கு மட்டும் ஏன் பொய்?

பொய் என்று சொல்லவில்லை, மனிதர்களிடம் சோதித்தபோது கைகொடுக்கவில்லை என்கிறேன்.

கொலஸ்ட்ரால்தான் குற்றவாளி என்றால் அதைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை முட்டியைக் காப்பாற்ற வேண்டும், இல்லையா? நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரவாசிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2012ல் அப்படித்தான் சொன்னது: ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களுக்கு முட்டித் தேய்மானம் முற்றுவது பாதிக்கும் மேல் குறைவு. இடுப்பு மூட்டில் மட்டும் பலன் தெரியவில்லை. ஆனால் இது யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த ஆய்வுதான். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் நடைப்பயிற்சியையும் ஒழுங்காகச் செய்பவராக இருப்பார், பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? பின்னால் வந்த சில கண்காணிப்பு ஆய்வுகளில் இந்தப் பலன் தென்படவில்லை.

அதனால் ஆஸ்திரேலியாவில் முறையான சோதனையே நடத்தினார்கள். முட்டி வலியோடு இருந்த 304 பேரில் பாதிப் பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெற்று மாத்திரை, இரண்டு ஆண்டு, யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்துக் குருத்தெலும்பின் கன அளவை அளந்தார்கள். 2021ல் முடிவு வந்தது: வித்தியாசம் இல்லை. வலியிலும் இல்லை.

இன்னொன்று மரபணு வழியாகப் பார்ப்பது. சிலருக்குப் பிறவியிலேயே எல்டிஎல்லைக் கொஞ்சம் ஏற்றிவைக்கும் மரபணு அமைப்பு இருக்கும். கொலஸ்ட்ரால் மூட்டைக் கெடுக்குமானால், வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்த இவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்வீடனின் மால்மோ நகரத் தரவையும் பிரிட்டனின் பயோபேங்க் என்ற பெரிய உடல்நலத் தகவல் தொகுப்பின் தரவையும் வைத்து 2019ல் பார்த்தபோது நேர்மாறாக, அவர்களுக்குத் தேய்மான ஆபத்து சற்றுக் குறைவாக இருந்தது! அதே ஆய்வில் உடல் பருமனுக்கான மரபணுக்கள் தேய்மான ஆபத்தைக் கூட்டின. என் பார்வையில் இந்த விவகாரத்தில் கவனிக்க வேண்டிய முடிவு இதுதான். (எல்டிஎல் கூடினால் முட்டிக்கு நல்லது என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், அந்த மரபணுக்கள் மாரடைப்பைக் கொண்டுவருபவை.)

ஆனால் எங்கள் வீட்டில் கொலஸ்ட்ரால் இருக்கிற எல்லோருக்கும் முட்டி வலியும் இருக்கிறதே?

இருக்கும். இரண்டுமே வயதோடு வருபவை. பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு எல்டிஎல் ஏறுகிறது, முட்டித் தேய்மானமும் அந்த வயதை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. அதோடு நம் ஊரில் கொழுப்புக் கணக்கு சரியாக இருப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இன்டியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய ஆய்வு 2023ல் வெளிவந்தது. இந்தியப் பெரியவர்களில் 81.2 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு கொழுப்பு அளவு சரியில்லை என்றது. ஐந்தில் நாலு பேர்! இதில் பெரும்பாலோருக்கு இருக்கும் கோளாறு நல்ல கொழுப்பு (எச்டிஎல்) குறைவாக இருப்பது. ஐந்தில் நாலு பேருக்கு இருக்கும் ஒன்று, முட்டி வலிக்காரர்களிடமும் இருக்கத்தானே செய்யும்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், அவர்தான் தொப்பை. எடை முட்டியை அழுத்துகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் கதை அதோடு முடிவதில்லை. பருமனானவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் தேய்மானம் கூடுதலாக வருகிறது, விரலால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டையல்ல, லெப்டின், இன்டர்லூக்கின் 6 போன்ற பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது, உடம்பு முழுக்க மெல்லிய அழற்சி ஓடுகிறது. முட்டிச் சில்லுக்குக் கீழேயே ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது, அதுவும் இந்த வேலையைச் செய்கிறது. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு) ஏறுவது, எச்டிஎல் இறங்குவது, சர்க்கரை எட்டிப்பார்ப்பது, முட்டி வலிப்பது, நாலுக்கும் பின்னால் பலருக்கு இந்த ஒரே ஆள்தான் நிற்கிறார்.

நான் ஒல்லி, கொலஸ்ட்ரால் மட்டும் அதிகம். முட்டிக்குப் பயப்பட வேண்டுமா?

முட்டிக்காகப் பயப்பட வேண்டாம். இதயத்துக்காக மருத்துவரைப் பாருங்கள்.

கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து முட்டி வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் வலி எங்கே என்று பாருங்கள். ஸ்டாட்டினால் வருவது தசை வலி, பெரும்பாலும் இரண்டு பக்கமும், தொடையில், கெண்டைக்காலில், தோளில், மாத்திரை தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில வாரங்களுக்குள். படி இறங்கும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும் மூட்டுக்குள்ளேயே வலிப்பது, காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைத்துக்கொண்டு அப்புறம் சரியாவது, இதெல்லாம் தேய்மானத்தின் குணம். மாத்திரைக்கு முன்பே இருந்ததை இப்போதுதான் கவனிக்கிறீர்கள் என்றும் இருக்கலாம்.

அப்புறம், கேட்டால் கோபம் வரக்கூடிய விஷயம் ஒன்று. லண்டன் இம்பீரியல் கல்லூரியில், பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 12 பாட்டில், மாதம் ஒன்று. நாலில் ஸ்டாட்டின், நாலில் வெற்று மாத்திரை, மீதி நாலு காலி. தினமும் எவ்வளவு தொந்தரவு என்று மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. அதாவது தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு, மாத்திரை என்று ஒன்றை விழுங்கினாலே வந்துவிட்டது. அந்த வலி நடிப்பல்ல, உண்மையான வலிதான், ஆனால் அது வந்த வழி மருந்து அல்ல. தங்கள் மதிப்பெண்ணைத் தாங்களே பார்த்த பிறகு பாதிப் பேர் மாத்திரைக்குத் திரும்பினார்கள். 2022ல் ஏறக்குறைய 1,24,000 பேர் கலந்துகொண்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே கதைதான்: தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6.

நிஜமாகவே ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், குறைவாக, ஆனால் இருக்கிறார்கள். தசை வலுவிழந்து எழுந்திருக்கவே முடியவில்லை, சிறுநீர் கருத்துப்போகிறது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றவர்களுக்கு தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே ரத்தப் பரிசோதனை, அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவது, எஸட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரால் மருந்தைச் சேர்ப்பது என்று எத்தனையோ வழி இருக்கிறது.

கொலஸ்ட்ராலும் ஏறுகிறது, உடம்பெல்லாம் வலியும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க முடியுமா?

முடியும், தைராய்டு. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்டிஎல் ஏறும், தசை பிடித்துக்கொள்ளும், மூட்டு வலிக்கும், எடை போடும், அசதியாகவே இருக்கும். அதைக் கவனிக்காமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசை வலி இன்னும் கூடும். டிஎஸ்ஹெச் டெஸ்ட் எடுக்கப் பெரிய செலவு ஆகாது. கொலஸ்ட்ரால் புதிதாக ஏறியிருக்கும் யாருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

குதிகாலுக்கு மேல் கெட்டியாக ஒரு கட்டி மாதிரி இருக்கிறது, கொலஸ்ட்ராலும் அதிகம்…

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பரம்பரையாக வரும் மிகை கொலஸ்ட்ரால் நோயில் கொழுப்பு தசைநாண்களில் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்களில்) உண்மையாகவே படியும், குதிகால் தசைநாணிலும், விரல் முட்டிகளின் மேல்பக்கத்திலும். குதிகால் தசைநாண் தடித்து வலியும் வரலாம். ஏறக்குறைய 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்த மரபணு இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாது. 40, 45 வயதில் மாரடைப்பு வந்த சித்தப்பாவோ மாமாவோ குடும்பத்தில் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். உங்களுக்கு உறுதியானால் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்.

முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன், கொலஸ்ட்ராலும் இருக்கிறது. பரவாயில்லையா?

கொலஸ்ட்ராலும் முட்டியும் நிஜமாகவே மோதிக்கொள்ளும் இடம் இதுதான், ஆனால் யாரும் இதைக் கேட்பதில்லை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுபவை. 2013லேயே ஐரோப்பிய மருந்து முகமை, இதய நோய் உள்ளவர்களுக்கு டைக்ளோஃபினாக் கொடுக்கக் கூடாது, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எச்சரித்தது. இங்கே என்னவென்றால் சீட்டு இல்லாமல் கேட்டால் பட்டை பட்டையாகக் கிடைக்கிறது, மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள், கூடவே சிறுநீரகமும் வயிறும் அடிவாங்குகின்றன. முட்டிக்கு மேலே தடவும் ஜெல் இருக்கிறதே, அதில் ரத்தத்துக்குப் போவது மிகக் கொஞ்சம், அதை முதலில் முயன்று பாருங்கள். மாத்திரைதான் வேண்டும் என்றால் உங்கள் கொலஸ்ட்ராலும் பிரஷரும் தெரிந்த மருத்துவர் எழுதித் தரட்டும்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் ஜவ்வு வளரும் என்கிறார்களே?

சூப்பில் உள்ள கொலாஜன் வயிற்றுக்குப் போனதும் மற்றப் புரதத்தைப் போலவே சீரணமாகி உடைந்துவிடும். அது நேரே முட்டிக்குப் போய் ஒட்டிக்கொள்ள வழியில்லை. மிளகு தட்டிப்போட்ட சூடான சூப் சுவைக்காகக் குடிக்கலாம், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டுக் குடியுங்கள். முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் நல்ல சாப்பாடு. தேய்ந்த குருத்தெலும்பை இவை திரும்ப முளைக்க வைக்கும் என்ற நம்பிக்கையில் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்துவதுதான் தப்பு. குளுக்கோசமைனும் அப்படித்தான்: அமெரிக்காவில் 1,583 பேரிடம் செய்து 2006ல் வெளிவந்த சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வெற்று மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

எந்த எண்ணெய் நல்லது?

முட்டிக்கென்று தனி எண்ணெய் இல்லை, கொலஸ்ட்ராலுக்குச் சொல்கிறேன். தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, ரேஷன் பாமாயிலில் பாதி, கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அதைவிட ரொம்பக் குறைவு. மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், அளவைக் குறையுங்கள். எண்ணெயைப் பற்றி மணிக்கணக்காகப் பேசிவிட்டு மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் மைதாவும் சாப்பிட்டால் ட்ரைகிளிசரைடு எப்படி இறங்கும்?

நடந்தால் இன்னும் தேயாதா?

இந்தப் பயம்தான் பலரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது. முட்டி வலிக்கிறது என்று நடையை நிறுத்துகிறார்கள், எடை ஏறுகிறது, தொடைத் தசை சூம்புகிறது, எச்டிஎல் இறங்குகிறது, முட்டி இன்னும் மோசமாகிறது, ஒரு வருடத்தில் எல்லா ரிப்போர்ட்டும் கெட்டுப்போகிறது. சமதரையில் நடப்பது குருத்தெலும்பைத் தேய்க்காது. வலி கொஞ்சம் இருக்கலாம், மறுநாளும் வீங்கிக்கொண்டு நின்றால் மட்டும் அளவைக் குறையுங்கள். நடக்கவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியில் தொடங்கலாம், தொடைத் தசை பலப்பட்டால் முட்டி தாங்கும். சம்மணம் போட்டு உட்காருவதையும் குந்தி உட்காருவதையும் வலி உள்ளவர்கள் குறைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு எடை குறைத்தால் பலன் தெரியும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி மேல் விழும் சுமை சுமார் நாலு கிலோ குறைகிறது என்று 2005ல் அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். அங்கேயே ஃப்ராமிங்ஹாம் ஊர்ப் பெண்களிடம் பார்த்த பழைய ஆய்வில், பத்தாண்டில் ஐந்து கிலோ அளவுக்குக் குறைத்தவர்களுக்கு வலியோடு கூடிய முட்டித் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. எடை குறைக்கும் செமாகுளுடைடு ஊசியைப் பருமனும் முட்டி வலியும் உள்ள 407 பேருக்குப் பரிசோதித்த முடிவு 2024ல் வந்தது. எடை 13.7 சதவீதம் இறங்கியது, நூறு புள்ளி வலிக் கணக்கில் 41.7 குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 27.5 குறைந்தது. எல்லோருக்கும் ஊசி வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, விலையும் பக்கவிளைவும் இருக்கின்றன. கொலஸ்ட்ராலை மாத்திரையால் இறக்கியபோது அசையாத முட்டி வலி, எடையை இறக்கியபோது அசைந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கு இருப்பது தேய்மானம் இல்லை, சரவாங்கி (முடக்குவாதம்). கொலஸ்ட்ரால் குறைவாகவே இருக்கிறது, நிம்மதியா?

நிம்மதி வேண்டாம். முடக்குவாதம் தீவிரமாக இருக்கும்போது அழற்சியே எல்டிஎல்லை இறக்கிக் காட்டும், ஆனால் மாரடைப்பு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நோய் மருந்துக்கு அடங்கியதும் எல்டிஎல் ஏறுவதைப் பார்த்துப் பயந்து அந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோய் கட்டுக்குள் வந்த பிறகு ஒருமுறை கொழுப்புப் பரிசோதனை செய்து, அந்தக் கணக்கை வைத்து உங்கள் மூட்டு மருத்துவரிடமே இதயத்தைப் பற்றியும் கேளுங்கள்.